மாணவர் காணொலிச் செயல்திட்டங்களுக்கு எளிய மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

செயல்திட்டத்தை அட்டையில் ஒட்டித் தருவதற்குப் பதிலாகக் காணொலியாகச் செய்து தரலாம் என்று அறிவித்தால் வகுப்பு உடனே கலகலப்பாகிவிடும். படம் எடுப்பதில் மாணவர்களுக்குத் தயக்கமே இல்லை. வீட்டுக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் "எதுல எடிட் பண்றது டீச்சர்?" என்ற கேள்வி எழும். குறுவள மையக் கூட்டங்களில் சக ஆசிரியர்களும் என்னிடம் இதையே கேட்கிறார்கள்.

ஒரு மென்பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை ஆகிவிடாது. ஒருவருக்கு எளிதானது இன்னொருவர் பள்ளிக் கணினியில் திறக்கவே மறுக்கலாம். கைப்பேசியில் நன்றாக ஓடும் செயலி, கைப்பேசியே இல்லாத மாணவிக்கு எந்த வகையில் எளிது? ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'எங்கள் ஊர்த் தொழில்கள்' என்ற காணொலிச் செயல்திட்டத்தைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் பயன்பட்ட தேர்வு முறையையும், நான்கு பாடவேளைக்கான திட்டத்தையும் இங்கே தருகிறேன்.

எளிது என்றால் என்ன?

பள்ளி மாணவர் செய்யும் மூன்று நிமிடக் காணொலிக்கு உண்மையில் தேவைப்படும் வேலைகள் ஏழுதான்.

1. எடுத்த படத்தை மென்பொருளுக்குள் கொண்டுவருதல்
2. வேண்டிய இடத்தில் வெட்டுதல்
3. வேண்டாத துண்டை நீக்குதல்
4. துண்டுகளை வரிசை மாற்றுதல்
5. தமிழில் தலைப்பும் பெயரும் எழுதுதல்
6. பின்னணிக் குரலைச் சேர்த்து, ஒலியைக் கூட்டிக் குறைத்தல்
7. எந்தக் கருவியிலும் ஓடும் ஒரே கோப்பாக வெளியே எடுத்தல்

இந்த ஏழையும் குழுவில் மிக மெதுவாகக் கற்கும் மாணவரும் இரண்டு பாடவேளைக்குள் தானாகச் செய்ய முடிந்தால் அது எளிய மென்பொருள். வண்ணம் மாற்றுதல், படம் சுழன்று வருதல், எழுத்து பறந்து வருதல் போன்ற வசதிகள் எத்தனை இருக்கின்றன என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் கடினமாக இருந்தால் குழுவின் பேச்சு முழுவதும் பொத்தான்களைப் பற்றியே போகும். கணினி தெரிந்த ஒரு மாணவர் சுட்டியைப் பிடித்துக்கொள்வார். மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். மென்பொருள் எளிதாக இருக்கும்போது பேச்சு பாடத்துக்குத் திரும்புகிறது. "இந்த இடத்தை வெட்டலாமா, வைக்கலாமா?" என்று வாதாடத் தொடங்குகிறார்கள். அந்த வாதத்துக்காகத்தான் நாம் காணொலிச் செயல்திட்டத்தையே கொடுக்கிறோம்.

தேர்வுக்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

ஒன்று: நம் ஆய்வகக் கணினியில் ஓடுமா? முதலில் கணினியின் ரேம் அளவைப் பாருங்கள். ஆய்வகத்தில் இருப்பவை தனித்தனிக் கணினிகளா, ஒரே சர்வருடன் இணைந்த திரைகளா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே சர்வர் என்றால் எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் படத்தொகுப்பு செய்ய முடியாது. குழுக்களை வெவ்வேறு நாளில் அழைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு: இணையம் இல்லாமல் வேலை செய்யுமா? ஒருமுறை நிறுவிய பிறகு இணையமே தேவைப்படாத மென்பொருள்தான் பள்ளிக்கு நம்பகமானது.

மூன்று: கணக்குத் தொடங்கச் சொல்கிறதா? மின்னஞ்சல், கைப்பேசி எண் கேட்கும் மென்பொருள்களை மாணவர்களிடம் கொடுப்பதில் கவனம் தேவை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கணக்கே கேட்காத மென்பொருளாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

நான்கு: வெளிவரும் காணொலியில் வாட்டர்மார்க் விழுமா? பல செயலிகள் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் படத்தின் மூலையில் தங்கள் பெயரைப் பதிக்கும். நீக்க வேண்டுமானால் பணம் கேட்கும்.

ஐந்து: தமிழ் எழுத்து உடையாமல் வருமா?

ஆறு: மின்சாரம் போனால் செய்த வேலை மிஞ்சுமா? தானாகச் சேமித்து, மீண்டும் திறக்கும்போது மீட்டுத் தருகிறதா என்று பாருங்கள்.

ஏழு: மாணவர் விரும்பினால் வேறு கணினியிலும் செலவில்லாமல் நிறுவிக்கொள்ளலாமா? கட்டற்ற மென்பொருள் என்றால் தயங்காமல் பென்டிரைவில் கொடுத்தனுப்பலாம். திருட்டுப் பிரதியை நாமே மாணவருக்குக் கொடுக்கும் நிலை வராது.

இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு ஒரு 'பத்து நொடிச் சோதனை' விடை சொல்லிவிடும். வகுப்பைத் தொடங்குவதற்கு முன் ஆய்வகக் கணினி ஒன்றில் பத்து நொடிப் படம் ஒன்றை ஏற்றி, ஒருமுறை வெட்டி, அதன்மேல் தமிழில் ஒரு வரி எழுதி வெளியே எடுங்கள். அந்தக் கோப்பைக் கைப்பேசியில் ஓட்டிப் பாருங்கள். பதினைந்து நிமிட வேலைதான். விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் படிப்பதைவிட இது அதிகம் சொல்லும்.

தமிழ் எழுத்துக்கான சோதனைக்கு நான் பயன்படுத்தும் வாக்கியம் இது: 'கௌதமி கொய்யாவும் கோதுமையும் பூண்டும் வாங்கி வைத்தாள்.' எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு, இருபுறமும் வரும் குறிகள், 'ஊ' வரிசை எல்லாம் இதில் இருக்கின்றன. கொம்பு இடம் மாறியோ புள்ளி வட்டத்துடனோ வந்தால் அந்த மென்பொருள் தமிழுக்கு ஆகாது. ஒருங்குறி எழுத்துருவை மட்டும் பயன்படுத்துங்கள். விண்டோஸ் கணினிகளில் நிர்மலா யூஐ அல்லது லதா இருக்கும். பழைய பாமினி முறையில் தட்டச்சு செய்ததை ஒருங்குறிக்கு மாற்றாமல் ஒட்டினால் பொருளற்ற குறிகள்தான் வரும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய மாணவர்களைப் பழக்கிவிட்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும்.

கையில் இருக்கும் வாய்ப்புகள்

முதலில் ஒரு பழைய பெயர். நம்மில் பலர் கணினிப் பயிற்சிகளில் விண்டோஸ் மூவி மேக்கரைக் கற்றிருப்போம். எளிமைக்கு அது நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரி 10ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றைத் தேடி இறக்குவது பாதுகாப்பானது அல்ல.

ஓப்பன்ஷாட்: கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கணக்கு, வாட்டர்மார்க் எதுவும் இல்லை. திரை எளிமையானது, படத்தைச் சுட்டியால் இழுத்து டைம்லைனில் போட்டால் போதும். முதல் முறை பார்ப்பவர் பயப்பட மாட்டார். தயாரிப்பாளர்கள் சொல்லும் குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி. எங்கள் ஆய்வகத்தில் நீளமான படங்களை ஏற்றியபோது இது சற்றுத் திணறியது. சிறு சிறு துண்டுகளாக எடுத்த படங்களுக்குக் குறையில்லை.

ஷாட்கட்: இதுவும் கட்டற்றது, மூன்று இயங்குதளங்களிலும் ஓடும், கணக்கும் வாட்டர்மார்க்கும் இல்லை. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கக்கூடிய வடிவமும் உண்டு. சாதாரணத் தரப் படத்துக்கு 4 ஜிபி ரேம், எச்டி படத்துக்கு 8 ஜிபி என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். வேகம் குறைந்த கணினிகளுக்காக, படத்தின் சிறிய நகலை வைத்து வேலை செய்யும் 'பிராக்ஸி' வசதி இருக்கிறது. திடீரென்று கணினி அணைந்தால், அடுத்த முறை திறக்கும்போது மீட்கவா என்று கேட்கும். முதல் முறை திறந்ததும் திரை வெறுமையாகத் தெரிவதுதான் குறை. எந்தப் பட்டியைத் திறக்க வேண்டும் என்று ஆசிரியர் ஒருமுறை காட்டித் தர வேண்டும்.

கேடென்லைவ்: ஷாட்கட்டைப் போலவே கட்டற்றது, வசதிகள் அதிகம். லினக்ஸ் கணினிகள் உள்ள பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றது. ஒருமுறை செயல்திட்டம் செய்து பழகிய மாணவர்களுக்கு அடுத்த படியாக இதைக் கொடுக்கலாம்.

கிளிப்சாம்ப்: விண்டோஸ் 11 உடன் வருவது. மைக்ரோசாஃப்ட் இதை 2021இல் வாங்கியது. கற்க மிக எளிது. இலவச வடிவத்திலேயே 1080பி தரத்தில் வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இணையமும் வேண்டும். ஆசிரியர் தன் சொந்தப் பாடக் காணொலிகளைச் செய்ய நல்லது. முப்பது மாணவர் அமரும் ஆய்வகத்துக்குப் பொருந்தாது.

டாவின்சி ரிசால்வ்: திரைத்துறையினர் பயன்படுத்துவது, இலவச வடிவமும் உண்டு. அதிக ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். பள்ளிக் கணினிகளுக்கு ஏற்றதல்ல.

கைப்பேசிச் செயலிகள்: கைன்மாஸ்டர், இன்ஷாட், விஎன், யூகட் போன்றவை மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. விரலால் வெட்டி விரலால் நகர்த்தலாம் என்பதால் கற்பிக்க வேண்டிய தேவையே குறைவு. கணினி ஆய்வகம் இல்லாத நடுநிலைப் பள்ளியில் ஆசிரியரின் கைப்பேசியில் இவற்றுள் ஒன்றைக் கொண்டு முழுச் செயல்திட்டத்தையும் முடித்துவிடலாம். இவற்றில் வாட்டர்மார்க் விதிகள் செயலிக்குச் செயலி வேறுபடும். புதுப்பிக்கும்போது மாறவும் செய்யும். எனவே பத்து நொடிச் சோதனை இங்கே கட்டாயம். 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்குடன் விவாவிடியோ, ஷேர்இட் ஆகியவையும் அடக்கம். தடை செய்யப்பட்ட செயலிகளின் கோப்புகளை யாரிடமிருந்தோ வாங்கி மாணவர்கள் வைத்திருப்பதுண்டு. பள்ளி வேலைக்கு அவற்றை அனுமதிக்க வேண்டாம்.

கைப்பேசிச் செயலிகளில் இன்னொரு சிக்கலையும் கவனித்தேன். ஆயத்த வடிவங்கள் நிறைய இருப்பதால் படத்தை அதில் போட்டுப் பாட்டோடு வெளியே எடுத்துவிடுகிறார்கள். எந்தப் படம் எத்தனை நொடி, எது முதலில் என்பதையெல்லாம் செயலியே முடிவு செய்துவிடுகிறது. காணொலி பளபளப்பாக இருக்கும். ஏன் இப்படி வைத்தாய் என்று கேட்டால் பதில் இருக்காது. எனவே கைப்பேசியில் செய்வதானால் ஆயத்த வடிவம் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அண்டை மாநில அனுபவம் ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். கேரளத்தில் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அசைவூட்டம், படத்தொகுப்பு போன்றவற்றைக் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே கற்பிக்கின்றன. செலவின்றி அரசுப் பள்ளிகளில் இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு அது சான்று.

இவற்றையெல்லாம் வைத்து எங்கள் பள்ளிக்கு நான் தேர்ந்தெடுத்தது ஷாட்கட். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், தமிழ் சரியாக வருகிறது, மின்சாரம் போனாலும் மீட்கலாம். உங்கள் ஆய்வகத்தில் ஓப்பன்ஷாட் சீராக ஓடினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஓர் ஆண்டு முழுவதும் எல்லாக் குழுக்களும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்துவது நல்லது. அப்போதுதான் ஒரு குழு இன்னொரு குழுவுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். நிறுவுவதற்கு முன் தலைமை ஆசிரியரிடமும் ஆய்வகப் பொறுப்பாளரிடமும் அனுமதி பெற்றுவிடுங்கள்.

நான்கு பாடவேளைத் திட்டம்

முதல் பாடவேளை: வெட்டினால் பொருள் மாறும்

முதல் வகுப்பில் ஊர்த் தொழில் எதையும் தொடுவதில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ரஷ்யத் திரைக்கலைஞர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை ஒன்றை வகுப்பிலேயே செய்து பார்க்கிறோம். அவர் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, பார்த்தவர்களுக்குப் பசியும் துயரமுமாக வெவ்வேறாகத் தெரிந்தது.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவியின் முகத்தை ஐந்து நொடி எடுத்தோம். சத்துணவுத் தட்டு, காற்று இறங்கிய சைக்கிள், பிறந்து இரண்டு நாளான கன்றுக்குட்டி ஆகிய மூன்றையும் தனித்தனியே ஐந்து நொடி எடுத்தோம். முகம், தட்டு, முகம் என்று அடுக்கிக் காட்டியதும் "பசியில இருக்கா" என்றார்கள். சைக்கிளை வைத்ததும் "வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு யோசிக்கிறா" என்றார்கள். அதே முகம்தான் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்.

இந்த ஒரு பயிற்சியிலேயே ஏற்றுதல், வெட்டுதல், நீக்குதல், வரிசை மாற்றுதல் ஆகிய நான்கு வேலைகளும் பழகிவிடுகின்றன. ஷாட்கட்டில் டைம்லைனில் நகரும் செங்குத்துக் கோட்டை வேண்டிய இடத்தில் நிறுத்தி 'எஸ்' விசையை அழுத்தினால் துண்டு இரண்டாகும். வேண்டாத துண்டைத் தேர்ந்து 'எக்ஸ்' அழுத்தினால் அது நீங்கி, அடுத்த துண்டு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். தவறினால் கண்ட்ரோலும் 'இசட்'டும். இந்த மூன்றை மட்டும் கரும்பலகையில் எழுதி வைக்கிறேன். வெட்டினாலும் மூலப்படத்துக்கு எதுவும் ஆகாது என்பதைச் சொல்வது முக்கியம். அது தெரிந்த பிறகுதான் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் சுட்டியைத் தொடுகிறார்கள்.

இரண்டாம் பாடவேளை: படம் எடுக்கத் திட்டமிடுதல்

குழுவுக்கு ஐந்து பேர். பானை வனைபவர், கயிறு திரிப்பவர், தையல்காரர், கொல்லர் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும், எடுக்க வேண்டிய காட்சிகளையும் ஒரு தாளில் எழுத வேண்டும். எடுக்கும்போது பின்பற்ற வேண்டிய விதிகள் நான்கு: கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடி, ஒரு காட்சியைப் பத்து நொடிக்கு மேல் நீட்டாதே, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மனத்துக்குள் மூன்று வரை எண்ணு, பேட்டி எடுக்கும்போது அருகில் போ. சிறு துண்டுகளாக எடுத்தால் பாதித் தொகுப்பு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கோப்பின் அளவைப் பற்றிய ஒரு கணக்கும் இங்கே தேவை. 1080பி தரத்தில் கைப்பேசி நொடிக்குச் சுமார் 17 மெகாபிட் எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடப் படம் ஏறத்தாழ 127 மெகாபைட். ஆறு குழுக்கள் இருபது இருபது நிமிடம் எடுத்தால் 15 ஜிபியைத் தாண்டிவிடும். ஒரு 16 ஜிபி பென்டிரைவ் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். வகுப்பறைக் காணொலிக்கு 720பி தரமே போதும். கைப்பேசி அமைப்பிலேயே அதைத் தேர்ந்துவிட்டால் இடமும் மிச்சம், கணினியும் திணறாது. கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். மெகாபிட்டை எட்டால் வகுத்தால் மெகாபைட் என்பது அப்போது நன்றாகப் பதியும்.

படங்களைக் கணினிக்கு மாற்ற யூஎஸ்பி கம்பியே சிறந்தது. வாட்ஸ்அப்பில் காணொலியாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாம் பாடவேளை: தொகுத்தல்

தொடங்கும் முன் ஒரு வேலை. குழுவின் பெயரில் ஒரு கோப்புறை திறந்து, எல்லாப் படங்களையும் ஒலிகளையும் அதற்குள் போட்டுவிட்டு, ஷாட்கட்டின் பணிக்கோப்பையும் அதே கோப்புறையில் சேமிக்க வேண்டும். பணிக்கோப்புக்குள் படம் இருப்பதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது, எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். பென்டிரைவிலிருந்து நேரடியாகப் படத்தை இழுத்து வேலை செய்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றினால், மறுநாள் திறக்கும்போது படங்களைக் காணோம் என்று மென்பொருள் சொல்லும். செய்த வேலையே அழிந்துவிட்டதாகப் பிள்ளைகள் கலங்கிப்போவார்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையை முழுதாக நகலெடுத்தால் எந்தக் கணினியிலும் வேலையைத் தொடரலாம். 'புத்தகம், நோட்டு எல்லாம் ஒரே பையில்' என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

கைப்பேசிப் படங்கள் சிலவற்றை ஏற்றும்போது 'எடிட் செய்ய ஏற்றதாக மாற்றவா' என்று ஷாட்கட் கேட்கும். கைப்பேசிகள் நொடிக்கு எத்தனை படம் என்பதைச் சீராக வைத்துக்கொள்ளாமல் பதிவு செய்வதால் வரும் கேள்வி இது. மாற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் உதடும் குரலும் பொருந்தாமல் போக வாய்ப்புண்டு.

பாடவேளையின் நாற்பது நிமிடத்தை ஐந்தாகப் பிரித்து ஒருவருக்கு எட்டு நிமிடம் சுட்டி. மணி அடித்ததும் இடம் மாற வேண்டும். சுட்டி பிடித்திருப்பவர் குழு சொல்வதைச் செய்வார். மற்றவர் கை நீட்டி அதைப் பிடுங்கக் கூடாது. இந்த ஒரு விதியால் எங்கள் வகுப்பில் வந்த மாற்றம் பெரிது. வீட்டில் கைப்பேசியே தொடக் கிடைக்காத மாணவிகள் இரண்டாவது சுற்றிலேயே மற்றவர்களுக்குச் சமமாக வெட்டிச் சேர்த்தார்கள். எளிய மென்பொருளாக இல்லாவிட்டால் எட்டு நிமிடத்தில் யாராலும் எதையும் செய்ய முடியாது. சுட்டி கடைசியில் தெரிந்தவர் கைக்கே போய்விடும்.

பானைத் தொழிலை எடுத்த குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் தொகுப்பில் சக்கரம் சுழல்வது, பானை எழும்புவது, சூளையில் புகை வருவது என்று அழகான காட்சிகள் மட்டும் இருந்தன. பேட்டியில் அந்தத் தாத்தா, மழையில் நனைந்து உடைந்த பச்சைப் பானைகளைப் பார்த்தபடி எதுவும் பேசாமல் நின்ற பன்னிரண்டு நொடியை வெட்டிவிட்டிருந்தார்கள். "பேசவே இல்லையே, அது எதுக்கு?" என்றான் ஒருவன். ஒரு மாணவி, "அங்கதான் அவர் நஷ்டத்தச் சொல்றாரு" என்றாள். வைத்துப் பார்த்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள், மீண்டும் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விசைதான். கடைசியில் அந்தப் பன்னிரண்டு நொடி, ஒரு பானைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று அவர் சொல்லும் இடத்துக்கு முன்னால் போய் அமர்ந்தது. ஒரு தொழிலின் பொருளாதாரத்தைப் பாடநூல் சொல்லாத வகையில் அந்தக் குழு புரிந்துகொண்டது அப்போதுதான்.

நான்காம் பாடவேளை: குரல், எழுத்து, வெளியீடு

பின்னணிக் குரலைக் கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியிலேயே பதியலாம். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, எழுதி வைத்ததைப் படிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இரைச்சல் அதிகமாக இருந்தால் ஆடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். குரல் வரும் இடத்தில் மற்ற ஒலியைத் தாழ்த்த வேண்டும்.

பின்னணிக்குத் திரைப்பாடல் வேண்டாம். பொதுத்தளத்தில் ஏற்றினால் பதிப்புரிமைக் கோரிக்கை வரும். தொழிலின் உண்மையான ஒலியையும் அது மூடிவிடும். சக்கரம் சுற்றும் ஓசை, சுத்தியல் ஓசை, மாணவர்களே தட்டிய பறை இவற்றைப் பயன்படுத்தலாம்.

தலைப்பு, பேசுபவரின் தொழில், குழுவினர் பட்டியல் ஆகியவற்றைத் தமிழில் சேர்த்ததும் 'எக்ஸ்போர்ட்' பகுதியில் இயல்பாக உள்ள அமைப்பிலேயே எம்பி4 கோப்பாக எடுக்கலாம். எச்.264 முறையில் வரும் அந்தக் கோப்பு கைப்பேசி, ஸ்மார்ட் வகுப்பறைத் திரை எல்லாவற்றிலும் ஓடும்.

மதிப்பீடும் பாதுகாப்பும்

இந்தச் செயல்திட்டத்துக்கான 10 மதிப்பெண்ணை நான் இப்படிப் பிரிக்கிறேன்: தகவலின் சரித்தன்மை 3, காட்சிகளின் வரிசையில் தெளிவு 3, ஏன் இந்த இடத்தில் வெட்டினோம் என்று விளக்கும் திறன் 2, குழுப் பங்கேற்பு 2. விளக்கக் கேள்வியைக் குழுவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்பேன். எனவே ஒருவர் மட்டும் செய்து மற்றவர் பெயர் சேர்த்துக்கொள்ள வழியில்லை. அலங்காரத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதை முதல் நாளே அறிவித்துவிடுவேன்.

படத்தில் வரும் தொழிலாளரிடம், எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி அனுமதி பெற்ற பிறகே எடுக்க வேண்டும். முடிந்த காணொலியை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் இடத்தை நீக்கிவிடுங்கள். மாணவர் முகம் வரும் காணொலிகளைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் சமூக ஊடகங்களில் ஏற்ற வேண்டாம். பெற்றோர் கூட்டத்திலும் காலை வணக்கக் கூட்டத்திலும் திரையிடுவதே பிள்ளைகளுக்குப் போதுமான மகிழ்ச்சி தரும்.

பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடந்துவருகிறது. திரையிடலுக்குப் பிறகு படத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறோம். தாங்களே ஒருமுறை வெட்டி ஒட்டிப் பழகிய பிள்ளைகள் அந்தப் பேச்சில் "நல்லா இருந்துச்சு" என்பதோடு நிற்பதில்லை. இந்தக் காட்சிக்குப் பிறகு ஏன் அந்தக் காட்சி வந்தது என்று கேட்கிறார்கள். கைப்பேசியில் நாள்தோறும் வந்து குவியும் துண்டுக் காணொலிகளிலும் எதை வெட்டிவிட்டு எதைக் காட்டுகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் இதிலிருந்து வளரும். செய்தியையும் விளம்பரத்தையும் வதந்தியையும் காணொலியாகவே பெறும் தலைமுறைக்கு இது தேவையான பயிற்சி.

வரும் வாரத்தில் ஒரு ஓய்வுப் பாடவேளையில் ஆய்வகத்துக்குச் சென்று பத்து நொடிச் சோதனையைச் செய்து பாருங்கள். உங்கள் கணினியில் திறந்து, தமிழைச் சரியாகக் காட்டி, எதுவும் கேட்காமல் கோப்பை வெளியே தரும் மென்பொருள் எதுவோ, அதுவே உங்கள் பள்ளிக்கு ஏற்றது.